ஓகஸ்ட் 1ஐத் தவறவிடாதீர்கள்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் முதல் கோடையைக் கழிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். ஓகஸ்ட் முதல் திங்கட்கிழமை எதற்காக லீவு? அதற்கு முந்தின சனிக்கிழமை ரயில் முழுக்க இறகும் மினுக்கமுமாக இந்தச் சனம் எங்கே போகிறது? வேலையிடத்தில் கேட்டால் முதலாவதற்கு ‘லோங் வீக்கெண்ட்’ என்பார்கள், இரண்டாவதற்கு ‘கரிபானா’, கரிபிய மக்களின் வேட ஊர்வலம், என்பார்கள். பிழையில்லை. ஆனால் இரண்டுக்கும் பக்கத்திலேயே இருக்கிற ஓகஸ்ட் 1ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. நாலு வருடம் கரிபானாவுக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்து, கோழி சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஐந்தாவது வருடம் எங்கள் மாடியில் இருக்கிற ட்ரினிடாட் அம்மா லிஃப்டில் வைத்து, “இது எங்கள் ஆட்கள் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்த நாள், தெரியுமா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நீங்களாவது ஒழுங்கான வரிசையில் தொடங்குங்கள். சனிக்கிழமை ஊர்வலத்தைக் கடைசியில் வையுங்கள்.

போவதற்கு முன்: இது என்ன நாள்

பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேரைத் தொட்ட சட்டம். அன்றைக்கே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் உடனே விடுதலை. மற்றவர்கள் ‘தொழில் பழகுநர்’ என்ற புதுப் பெயரில் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் வேலை செய்தார்கள். அது முடிய 1838 ஓகஸ்ட் 1 ஆயிற்று. நட்டஈடு 2 கோடி பவுண். யாருக்கு? அடிமைகளை ‘இழந்த’ முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

அந்தச் சட்டத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். இந்தியாவுக்கு 1843இலும் இலங்கைக்கு 1844இலும்தான் தனிச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ‘அடிமை குடிமை’ என்று வாய் நிறையச் சொல்லத் தெரிந்த நமக்கு, அது சட்டப்படி முடிந்த வருடம் தெரியாது. அதற்கென்று ஒரு நாளும் கிடையாது. கரிபிய மக்கள் 1834ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு இது உறுத்தும்.

கனடாவிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பது வந்த புதிதில் பலருக்குத் தெரியாது. 1793இல் குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டி, நயாகரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்றார்கள். அந்தச் செய்தி கவர்னர் சிம்கோவிடம் போய், அதே வருடம் அப்பர் கனடாவில், அதாவது இன்றைய ஒன்ராறியோவில், ஒரு சட்டம் வந்தது. புதிதாக அடிமைகளைக் கொண்டு வரக்கூடாது, இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு 25 வயதில் விடுதலை. ஏற்கனவே அடிமையாக இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். ரொறன்ரோவில் ஓகஸ்ட் முதல் திங்களுக்குப் பெயர் ‘சிம்கோ டே’. அதாவது லீவு கவர்னர் பெயரில் இருக்கிறது. குளோயி கூலி பிறகு என்ன ஆனாள் என்று ஒரு குறிப்பும் இல்லை.

கனடிய நாடாளுமன்றம் ஓகஸ்ட் 1ஐ விடுதலை நாளாக ஏற்றது 2021 மார்ச்சில். அது லீவு நாள் அல்ல. திங்கட்கிழமையும் ஒன்ராறியோவில் சட்டப்படியான விடுமுறை அல்ல. பெரும்பாலான இடங்கள் தருகின்றன, தொழிற்சாலைகளும் கடைகளும் தராமலும் விடலாம். சம்பளத்தோடு லீவா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை நான் கேட்காமல் வீட்டில் நின்றுவிட்டேன். பிழை என்னுடையதுதான்.

ஒரு மணி நேர நடை: பழைய நகரம்

விழாவுக்கு முந்தின ஏதாவதொரு மாலையில் கிங் சப்வேயில் இறங்கி, கிங் வீதியில் கிழக்கே நடங்கள். ஜார்விஸ் வீதி மூலையில் செயின்ட் லோரன்ஸ் ஹோல் வரும். நம்மவர்கள் மீன் வாங்கப் போகிற செயின்ட் லோரன்ஸ் மார்க்கெட்டுக்கு வடக்கே, வெள்ளைக் கல்லும் கூம்பு மணிக்கூண்டுமாக நிற்கிற கட்டடம். 1851 ஏப்ரலில் பிரெட்ரிக் டக்ளஸ் அங்கே பேசினார். அடிமையாகப் பிறந்து, தப்பி, அமெரிக்காவின் பெரிய பேச்சாளராக ஆனவர். அதே வருடம் செப்டம்பரில், தப்பி வந்தவர்களும் சுதந்திரமானவர்களும் மாநாடு கூடி, எங்கே குடியேறுவது என்று விவாதித்ததும் அங்கேதான். இந்தக் கிங் வீதியில்தான் மேரி ஆன் ஷாட் தன் ‘ப்ரொவின்சியல் ஃப்ரீமன்’ பத்திரிகையை 1850களில் அச்சிட்டார். வட அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர்.

ஜார்விஸ் என்ற பெயரையும் கவனியுங்கள். அந்தக் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது. மேற்கே இருக்கிற பீட்டர் வீதி, பீட்டர் ரசல் என்ற அதிகாரியின் பெயர். அவர் 1806இல் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்: பெகி என்ற பெண், 40 வயது, 150 டொலர், அவள் மகன் ஜுபிட்டர், 15 வயது, 200 டொலர். விளம்பரத்தின் படம் இணையத்தில் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுவதா என்று யோசித்துவிட்டுக் காட்டினேன். “ஏன் மகனுக்கு விலை கூட?” என்று கேட்டாள் என் சின்னவள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கிருந்து கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் ஈஸ்டர்ன் அவெனியூவும் சாக்வில் வீதியும் சந்திக்கிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் வரும். 1985இல் அங்கே தோண்டியபோது தோர்ன்டன், லூசி பிளாக்பர்ன் என்ற கணவன் மனைவியின் வீட்டு அத்திவாரம் வெளிப்பட்டது. கென்டக்கியிலிருந்து தப்பி, டெட்ரொயிட்டில் பிடிபட்டு, மீண்டும் தப்பி, 1834இல் ரொறன்ரோ வந்தவர்கள். ‘யோர்க்’ என்று இருந்த ஊர் ‘ரொறன்ரோ’ என்று பெயர் மாறினதும் அதே வருடம்தான். தோர்ன்டன் ஒஸ்குட் ஹோல் என்ற சட்டத்தரணிகள் கட்டடத்தில் வெயிட்டராக வேலை செய்து காசு சேர்த்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த குதிரை வண்டி ஒன்றை வாடகைக்கு விட்டார். அப்பர் கனடாவின் முதல் டாக்சி அதுதான். வந்து இறங்கியதும் டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்த நம் அப்பாமாரை நினைத்தால், அங்கே இருக்கிற நினைவுப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்கலாம்.

ஜூலை 31 இரவு: விடுதலை ரயில்

இதைத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

அமெரிக்காவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு வழிகாட்டிய இரகசிய ஏற்பாட்டுக்கு ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்’ என்று பெயர். பெயர்தான் ரயில், தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை, ஒளித்து வைத்த வீடுகளும் இரவு நடையும்தான். ரொறன்ரோவில் உண்மையான நிலக்கீழ் ரயில் இருக்கிறதே! 2013இலிருந்து ஜூலை 31 இரவு, யூனியன் நிலையத்தில் கூடி, சப்வேயில் ஏறி, ஓகஸ்ட் 1 பிறக்கிற நேரத்தைப் பாட்டோடு கடக்கிறார்கள். பாத்தர்ஸ்ட் வீதியில் புத்தகக் கடை நடத்திய இட்டா சாடு தொடங்கி வைத்த வழக்கம். வடக்கே ஷெப்பர்ட் வெஸ்ட் வரை போகிறது.

சப்வேக்கு உள்ளே போக ப்ரெஸ்டோ கார்டைத் தட்டினால் போதும். நேரத்தையும் நிலையத்தையும் அந்த வருட அறிவிப்பில் பார்த்துவிட்டு, அரை மணி முன்னதாகப் போங்கள். வெள்ளைச் சட்டை, ஆபிரிக்கத் துணி, தலைப்பாகை என்று வயதானவர்கள் வந்திருப்பார்கள். ரயில் நகரத் தொடங்கியதும் யாரோ ஒருவர் அடிக்குரலில் பாட்டு எடுப்பார். பெட்டி முழுக்க அதை வாங்கும். சுரங்கச் சத்தத்துக்கு மேலே மேளம் கேட்கும். பாட்டுத் தெரியாவிட்டால் கை தட்டுங்கள், அதற்கு ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டிக் காணொளி எடுப்பதைத்தான் விரும்பமாட்டார்கள். நான் போன முதல் வருடம் பக்கத்தில் இருந்த ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் தாயின் பெயர், அவர் தாயின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் போனைப் பையில் போட்டேன்.

திரும்பி வருவதை முதலே யோசியுங்கள். ஸ்காபரோவுக்குக் கடைசி ரயிலைத் தவறவிட்டு, இரவு பஸ்ஸில் இரண்டு மாறி, விடிகிற நேரம் வீடு வந்தவன் சொல்கிறேன்.

சனிக்கிழமை ஊர்வலம்

பெயரில் குழம்பாதீர்கள். 2011இல் பெயருரிமை வழக்கு ஒன்று முடிந்த பிறகு ‘ரொறன்ரோ கரிபியன் கார்னிவல்’ என்பதுதான் அதிகாரப் பெயர். பேச்சில் எல்லோருக்கும் இன்றும் கரிபானாதான். கனடாவின் நூறாவது பிறந்த வருடமான 1967இல், கரிபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் பரிசாகத் தொடங்கினார்கள். 1991இலிருந்து ஏரிக்கரையோரம் லேக் ஷோர் வீதியில், எக்ஸிபிஷன் பிளேஸ் பக்கம் நடக்கிறது.

சரி, விடுதலைக்கும் இறகுக்கும் என்ன சம்பந்தம்? ட்ரினிடாட்டில் பிரெஞ்சு முதலாளிகள் முகமூடி போட்டு ஆடினார்கள்; அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவுக்கு வந்து தங்கள் கூத்தை ஆடினார்கள். கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் நள்ளிரவில் பந்தத்தோடு துரத்தி வேலை வாங்கிய நினைவை, பந்தம் பிடித்து ஆடிக் காட்டினார்கள். அதற்கு ‘கேம்பூலே’ என்று பெயர். தொடக்கத்தில் ஓகஸ்ட் 1இல்தான் ஆடினார்கள். 1881இல் பொலிஸ் தடுக்கப் போய்ப் பெரிய கலகம் ஆனது. பிறகு மேளத்துக்குக் கட்டுப்பாடு. மேளம் இல்லையென்றால் மூங்கிலைத் தரையில் இடித்தார்கள். 1930களில் தகர டப்பாவுக்கு மாறினார்கள். அது எண்ணெய் பீப்பாயாகி ஸ்டீல் பான் ஆயிற்று. கிட்டப் போய்ப் பாருங்கள். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, குழிக்குள் முட்டை முட்டையாக மேடு எழுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு மேடும் ஒரு சுரம். ரப்பர் சுற்றிய குச்சி பட்டதும் தண்ணீரில் மணி அடித்த மாதிரி வரும். அதற்காகவே முதல் நாள் இரவு நடக்கிற ‘பான் அலைவ்’ போட்டிக்குப் போகலாம். என்னைக் கேட்டால் ஊர்வலத்தைவிட அது நல்லது.

இனி ஊர்வல நாளுக்கு. ‘மாஸ்’ என்ற சொல் ஓயாமல் காதில் விழும். நம் சினிமா மாஸ் இல்லை. ‘மாஸ்கரேட்’டின் சுருக்கம், வேடம் கட்டி ஆடுவது. ‘பாண்ட்’ என்றால் வாத்தியக் குழுவும் இல்லை. ஒரு கருவை எடுத்து, அதற்கேற்ற உடுப்பில் நூற்றுக்கணக்காக வருகிற ஆட்டக்காரர் கூட்டம். அவர்களுக்கு முன்னால் பாட்டு லொறி போகும்.

காரில் போகவே போகாதீர்கள். ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்கள் கில்ட்வுட், எக்ளிண்டன் போன்ற ‘கோ’ (GO) புறநகர் ரயில் நிலையத்தில் ஏறி யூனியன் போய், அங்கிருந்து லேக்ஷோர் வெஸ்ட் ரயிலில் ‘எக்ஸிபிஷன்’ நிலையத்தில் இறங்கலாம். சப்வேயில் வருகிறவர்களுக்கு டஃபரின் நிலையத்திலிருந்து 29ஆம் இலக்க பஸ் இருக்கிறது. விழா நாளில் பாதை மாறலாம் என்பதால் காலையில் ஒருமுறை பாருங்கள். ‘கோ’ ரயிலிலிருந்து டிடிசிக்கு, அதாவது நகரச் சப்வேக்கோ பஸ்ஸுக்கோ, மாறினால் 2024இலிருந்து இரண்டாவது கட்டணம் இல்லை. 12 வயது வரை பிள்ளைகளுக்கு இரண்டும் இலவசம்.

காலையில் தொடங்கும் என்று போட்டிருக்கும். ரொறன்ரோத் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பதினொரு மணிக்குப் போய், மாலை ஐந்துக்கு முன் வெளியே வந்தால் சனநெரிசலில் அகப்படமாட்டீர்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல், தொப்பி, சன் கிரீம். நமக்கு வெயில் பழக்கம் என்று வீறாப்புப் பேசி, தார் வீதியில் ஏழு மணி நேரம் நின்றுவிட்டு மூன்று நாள் தோலுரித்துக்கொண்டிருந்த என் மச்சானைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு லொறி கடக்கும்போது நெஞ்செலும்பு அதிரும். சின்னப் பிள்ளைகளுக்குக் காது மூடி கட்டாயம் வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்கள் பெரிய ஊர்வலத்தை விட்டுவிட்டு, சில கிழமைக்கு முன்பு நடக்கிற சிறுவர் ஊர்வலத்துக்குப் போகலாம். ஸ்காபரோ மல்வேர்ன் பக்கத்திலேயே அது நடந்திருக்கிறது. கூட்டம் அளவாக இருக்கும், நிழலும் கிடைக்கும். அங்கேதான் என் மகள் முதல்முறை ‘மோக்கோ ஜம்பி’யைப் பார்த்தாள், கொக்கலிக்கட்டை ஆட்டம்போல் உயரக் கட்டையில் நடக்கிற ஆபிரிக்க வழிவந்த ஆட்டம். அவன் குனிந்து, குனிந்து, இன்னும் குனிந்து, அவள் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனான்.

வேலியும் வாயும்

ஊர்வலப் பாதையோரம் வேலி இருக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சிலர் தாண்டி உள்ளே குதிப்பார்கள். நீங்கள் குதிக்க வேண்டாம். உள்ளே ஆடுகிறவர்கள் அந்த உடுப்புக்குச் சில நூறு டொலர் கொடுத்து, மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள். சிறகு ஒடிந்தால் நடுவர் மேடைக்கு முன்னால் ஒடிந்த சிறகோடுதான் போகவேண்டும்.

உடுப்பு குறைவாக இருக்கும். அதைப் பார்த்துக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், கூச்சம் இல்லாமல் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வகையில்தான் கவலை. படம் எடுக்க முன் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். உடம்பையோ உடுப்பையோ தொடாதீர்கள். வீதியில் மதுப் போத்தலோடு திரியக்கூடாது என்பதையும் உங்களோடு வருகிற இளந்தாரிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் வீடுகளில் கறுப்பின மக்களைக் குறிக்க ‘காப்பிலி’ என்றும் ‘கறுவல்’ என்றும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாக இலங்கைக்குக் கொண்டுவந்த காலத்துச் சொல் ‘காப்பிலி’. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளம் சிரம்பியடியில் இருக்கிறார்கள். நம் கல்யாண வீடுகளில் கடைசியில் எல்லோரும் எழும்பி ஆடுகிற பைலாவில் அவர்களின் தாளமும் கலந்திருக்கிறது. தாளத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறோம். தமிழில் பேசினால் அவர்களுக்கு விளங்காது என்று சொல்லாதீர்கள். ஸ்காபரோவில் நம் பிள்ளைகளோடு படித்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சொல்லும் நன்றாகவே விளங்கும். ‘கறுப்பினத்தவர்’ என்று சொல்ல நாக்கு ஒன்றும் சுளுக்காது.

வாழ்த்துச் சொல்ல விரும்பினால் ஓகஸ்ட் 1 அன்று ‘ஹாப்பி இமான்சிபேஷன் டே’ என்றால் போதும். எங்கள் மாடி அம்மாவிடம் நான் முதல் முறை சொன்னபோது, “ஆர் உனக்குச் சொன்னது?” என்ற மாதிரிப் பார்த்தார். அவர்தான் சொன்னார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

சாப்பாடு

ஜெர்க் கோழிக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் ‘டபிள்ஸ்’ தேடுங்கள். எண்ணெயில் பொரித்த இரண்டு மெல்லிய மஞ்சள் ‘பாரா’ ரொட்டி, நடுவில் கடலைக் கறி, மேலே புளியும் மிளகாயும். தாளில் சுற்றித் தருவார்கள். கையில் வழியவிட்டு நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். மிளகாய் எவ்வளவு என்று கேட்டால் ‘ஸ்லைட்’ என்று சொல்லுங்கள். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், உறைப்பு எங்களுக்கு ஒரு பொருட்டா என்று ‘ஹெவி’ கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கொட்ச் பொனெட் மிளகாய் வேறு இனம்.

இந்தப் பாராவும் கடலையும் அங்கே எப்படிப் போயின என்பதும் விடுதலைக் கதையின் தொடர்ச்சிதான். அடிமைகள் போன பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள்: 1838இல் கயானாவுக்கு, 1845இல் ட்ரினிடாட்டுக்கு. பெரும்பாலோர் கல்கத்தா வழி. ஒரு பங்கினர் சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். கயானாவில் அவர்களை ‘மதறாஸி’ என்பார்கள். மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது, அதற்கு அடிக்கிற மேளத்துக்கு இன்றும் ‘தப்பு’ என்றுதான் பெயர். வேலையிடத்தில் வீராசமி, மூன்சமி, சினாபென் என்று யாராவது இருந்தால் மெதுவாக விசாரித்துப் பாருங்கள். ‘நீங்கள் தமிழரா’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அவர்கள் கயானாக்காரர், அதில் அவர்களுக்குப் பெருமை இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக வரும்.

அடுத்த வருடம் உள்ளே போக

வேலிக்கு உள்ளே ஆட ஆசை வந்தால் யாரும் சேரலாம். வசந்த காலத்தில் ஒவ்வொரு பாண்டும் தன் உடுப்புகளை வெளியிடும். விருப்பமானதற்குப் பதிந்து முற்பணம் கட்டவேண்டும். முன்வரிசை உடுப்பு விலை கூட, பின்வரிசை குறைய. காசு இல்லையென்றால், அல்லது ஆட வெட்கமாக இருந்தால், ‘மாஸ் காம்ப்’புக்குப் போய் உதவிக்கு வரலாமா என்று கேளுங்கள். ஜூலையில் அங்கே எப்போதும் கை பற்றாது. கோயில் தேருக்கு முதல் நாள் இரவு மாதிரி இருக்கும்: ஒரு பக்கம் கம்பி வளைப்பார்கள், ஒரு பக்கம் கல் ஒட்டுவார்கள், ஒருவர் எல்லோரையும் ஏசிக்கொண்டிருப்பார். போன வருடம் நான் இரண்டு சனிக்கிழமை போனேன். எனக்குத் தந்த வேலை, நீல இறகுகளை நீள வாரியாகப் பிரித்து, அடித்தண்டில் சூடான பசை தொட்டு, பட்டியில் குத்துவது. விரல் நுனி இரண்டும் சுட்டுப்போயிற்று. பழைய கையுறை ஒன்று கொண்டுபோங்கள், மெல்லியதாக.